பத்து மாதத் தொல்லைகள்: எது சகஜம், எது ஆபத்து?

பாலக்கரையில் ஒரு வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். மாமியார் மலைக்கோட்டை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, ‘தாயுமானவரே, சுகப்பிரசவம் ஆகட்டும், வாழைத்தார் கட்டுகிறேன்’ என்று நேர்ந்துகொள்வார். அடுத்த தெருவில் இன்னொரு குடும்பம் சகாய மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும். அதற்கடுத்த வீட்டில் துஆ கேட்பார்கள். பிரார்த்தனை எதுவானாலும் வேண்டுதல் ஒன்றுதான்: தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரியவேண்டும்.

தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நிறைமாதக் கர்ப்பிணி ரத்னாவதி அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். காவிரியில் வெள்ளம். அம்மாவால் அக்கரையிலிருந்து வர முடியவில்லை. ஈசனே அவள் அம்மாவின் உருவில் வந்து பிரசவம் பார்த்ததாக ஐதிகம். அந்தக் கதையின் உயிர், வலி வந்த நேரத்தில் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருத்தர் இருக்கவேண்டும் என்பதுதான். அந்த ‘விவரம்’ நம் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறதா?

இரண்டு வகை வீடுகள் உண்டு. ஒன்று, லேசாகக் கால் வலித்தாலே பதறி ஆட்டோவைக் கூப்பிடும் வீடு. இன்னொன்று, “நாங்களும் நாலு பெத்தவங்கதாம்மா, இதெல்லாம் அப்படித்தான் இருக்கும்” என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடும் வீடு. முதல் வீட்டில் பணம் கரையும். இரண்டாவது வீட்டில் சில சமயம் உயிரே போய்விடலாம். ஏனென்றால் கர்ப்பகாலத் தொல்லைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு தானாகச் சரியாகிறவைதான். ஆனால் மீதியும் இதே வேஷத்தில்தான் வரும். கால் வீக்கம் மாதிரி வரும், நெஞ்செரிச்சல் மாதிரி வரும், சாதாரண அரிப்பு மாதிரி வரும்.

அதனால் ஒவ்வொரு தொல்லைக்கும் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். ஏன் வருகிறது? வீட்டில் என்ன செய்யலாம்? எந்த எல்லை தாண்டினால் டாக்டரிடம் ஓடவேண்டும்? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முதல் மூன்று மாதம்

மசக்கை: பெரும்பாலும் ஆறாவது வாரம் வாக்கில் ஆரம்பித்து, 12 முதல் 16 வாரத்துக்குள் அடங்கிவிடும். காலையில் மட்டும்தான் வரும் என்பதில்லை. சிலருக்குச் சாயங்காலம் தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டும். ‘பொண்ணு மனசு சரியில்லை, அதான் வாந்தி’ என்று பழி போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. வளரும் கருவின் பக்கமிருந்து தாயின் ரத்தத்துக்கு வரும் ‘ஜி.டி.எஃப்.15’ என்ற பொருளுக்கும், அதைத் தாங்கும் பழக்கம் அவள் உடம்புக்கு முன்பே இருந்ததா என்பதற்கும், கடுமையான வாந்திக்கும் தொடர்பு இருப்பதை 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். ஆகவே இது செல்லம் கொஞ்சுவதும் இல்லை, நடிப்பும் இல்லை.

என்ன செய்யலாம்? வெறும் வயிறுதான் மசக்கைக்கு முதல் எதிரி. தலைமாட்டில் ஒரு டப்பாவில் பொரி, ரஸ்க் என்று ஏதாவது உலர்ந்த தீனி வைத்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும் முன் நாலு வாய் சாப்பிட்டு, பத்து நிமிஷம் கழித்து மெதுவாக எழுந்திருங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரியுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தண்ணீரை மடமடவென்று குடிக்காமல், நடுநடுவே வாய் வாயாகக் குடியுங்கள். இஞ்சி நல்லது; உலக சுகாதார நிறுவனமே 2016ல் வெளியிட்ட கர்ப்பகாலப் பரிந்துரைகளில் இஞ்சியைச் சேர்த்திருக்கிறது. இஞ்சி போட்ட மோர், இஞ்சித் துவையல் என்று சமையல் அளவில் போதும். அடுப்படி வாசனை ஆகாவிட்டால், அந்த ஒன்றரை மாதம் வேறு யாராவது தாளிக்கட்டுமே!

மாத்திரை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 1957ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த ‘தாலிடோமைடு’ என்ற மருந்தை மசக்கைக்கும் கொடுத்தார்கள். கை கால் வளராமல் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்த பிறகுதான் 1961ல் அதை நிறுத்தினார்கள். இன்றைக்கு மசக்கைக்குப் பாதுகாப்பான மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் அதை எழுதித் தரவேண்டியவர் டாக்டர். மெடிக்கல் ஷாப் தம்பியும் இல்லை, போன மாதம் பிரசவித்த எதிர்வீட்டு அக்காவும் இல்லை.

எல்லை: ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் கடுமஞ்சளாக, கொஞ்சமாகப் போகிறது, எடை குறைகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் அது மசக்கை என்ற கணக்கைத் தாண்டிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றவேண்டியிருக்கும். உடனே கிளம்புங்கள்.

அசதி, மயக்கம்: உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு கர்ப்பகாலத்தில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. ரத்தக்குழாய்கள் தளர்கின்றன. அதனால் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். வலது பக்கமோ இடது பக்கமோ ஒருக்களித்து, கையூன்றி உட்கார்ந்து, பிறகு எழுங்கள். திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியாததில்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும். காந்தி மார்க்கெட் வேலையைக் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள், அல்லது வீட்டு ஆண்களிடம் பையைக் கொடுங்கள். கையில் மோரோ தண்ணீரோ இல்லாமல் வெளியே போகவேண்டாம். க்யூவில் நிற்கும்போது தலை கிறுகிறுத்தால் வெட்கப்படாமல் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். விழுவதைவிட உட்காருவது மேல்.

அடிக்கடி சிறுநீர்: கர்ப்பப்பை பையை அழுத்துவதால் வருவது. இதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். ராத்திரி படுக்கப் போகும் முன் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். எரிச்சல், குளிர் காய்ச்சல், அடிவயிற்று வலி சேர்ந்தால் அது கிருமித் தொற்று. சிறுநீர் பரிசோதித்து மருந்து சாப்பிடவேண்டும்.

நடு மூன்று மாதம்

நெஞ்செரிச்சல்: உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் வாயில் கதவு மாதிரி மூடியிருக்கும். கர்ப்பகாலத்தில் சுரக்கும் ப்ரோஜெஸ்டிரான் அந்தக் கதவைத் தளர்த்திவிடுகிறது. கீழேயிருந்து வளரும் கர்ப்பப்பையும் தள்ளுகிறது. புளிப்பு மேலே வருகிறது. ‘பிள்ளைக்கு முடி நிறைய, அதான் நெஞ்சு எரியுது’ என்பார்கள். கேட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் மிளகாய் பஜ்ஜியைக் குறையுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தலைப்பக்கம் கூடுதலாக ஒரு தலையணை. சோடா மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வைத்தியம் வேண்டாம்.

எல்லை: விலா எலும்புக்குக் கீழே, மேல்வயிற்றில் விடாமல் வலிக்கிறது, கூடவே தலைவலி என்றால் அதை ‘கேஸ்’ என்று நினைத்து ஓமவாட்டர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மலச்சிக்கல், மூலம்: அதே ப்ரோஜெஸ்டிரான் குடலையும் மந்தமாக்குகிறது. இரும்புச்சத்து மாத்திரையும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொள்கிறது. திருச்சிக்காரர்களுக்கு இதில் கவலையே இல்லை. தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தையே 1993ல் நம் ஊர்ப் பக்கம்தானே நிறுவினார்கள்! வாழைத்தண்டுப் பொரியல், வாழைப்பூ, கீரை, கொய்யா, ராத்திரி ஒரு பூவன்பழம், காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பாக இரண்டு டம்ளர் தண்ணீர், சாயங்காலம் அரைமணி நடை. (சர்க்கரை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் பழத்தின் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.) விளக்கெண்ணெய் பேதி மட்டும் கூடவே கூடாது. அது குடலைக் கலக்குவதோடு கர்ப்பப்பையையும் கிளறிவிடும்.

இரும்பு மாத்திரை சாப்பிட்டு மலம் கறுப்பாகப் போவது சகஜம். அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நம் மாநிலத்துக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ரத்தசோகை இருப்பதாகத்தான் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. வசதியான வீட்டுப் பெண்களும் இதற்கு விலக்கில்லை. மாத்திரை போட்ட கையோடு ஃபில்டர் காபி குடித்தால், காபி அந்தச் சத்தை உறிஞ்சவிடாது. ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்று காலை, ஒன்று ராத்திரி என்று பிரித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஒட்டும்.

இடுப்பு வலி: சாதாரண நாளில் சுமார் 70 கிராம் இருக்கும் கர்ப்பப்பை, நிறைமாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் போகிறது. அதற்குள் குழந்தை, பனிக்குட நீர், நஞ்சு எல்லாம் தனி. பாரம் முன்னால் இழுக்க, முதுகு பின்னால் வளைகிறது. மூட்டு நார்களும் தளர்கின்றன. பிறகு வலிக்காமல் என்ன செய்யும்?

ஹை ஹீல்ஸை அலமாரியில் வையுங்கள். குனிந்து குடம் தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி, உட்கார்ந்து எடுங்கள். நாற்காலியில் உட்காரும்போது இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை. காலையில் நாலு காலில் பூனை நிற்கிற மாதிரி பாயில் நின்று, முதுகை மெதுவாக மேலே தூக்கி, மறுபடி சமமாக்குங்கள். பத்து தடவை போதும். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். சுடச்சுட வேண்டாம், முதுகில் மட்டும். வலி மாத்திரைகளை, முக்கியமாக டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகளை, டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். பிள்ளையின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் அவை பாதிக்கக்கூடும்.

“மலைக்கோட்டை ஏறலாமா?” என்று நிறையப் பேர் கேட்பார்கள். நானூறுக்கும் மேற்பட்ட படிகள். எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பம் என்றால் படி ஏறியதால் கலைந்துவிடாது. ஆனால் நஞ்சு கீழே இறங்கியிருக்கிறது, ரத்தப்போக்கு இருந்தது, பிரஷர் இருக்கிறது, ரத்தம் குறைவு என்று சொல்லியிருந்தால் வேண்டாம். கடைசி மாதங்களில் கால் தடுமாறும் பயமும் உண்டு. வாழைத்தாரை வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போகட்டும். குழந்தை பிறந்தபின் நீங்கள் சாவகாசமாக ஏறுங்கள். தாயுமானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசி மூன்று மாதம்

கெண்டைக்கால் பிடிப்பு: நடுராத்திரி ‘சுளீர்’ என்று இழுக்கும். உடனே காலை நீட்டி, கால் விரல்களை உங்கள் முகத்தை நோக்கி மடக்குங்கள். வீட்டுக்காரரை எழுப்பி உள்ளங்காலை மெதுவாக மேல்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி கெண்டைக்காலை நீட்டிப் பழகினால் குறையும். எல்லை: ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாகி, தொட்டால் வலிக்கிறது என்றால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைத் தேய்க்கவே கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

மூச்சு வாங்குவது: மேலே எழும்பும் கர்ப்பப்பை உதரவிதானத்தை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயர்த்திவிடுகிறது. மாடிப்படி ஏறினால் இரைப்பு வருவது அதனால்தான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், படபடப்பு இருந்தால், ரத்தசோகையோ இதயக்கோளாறோ இருக்கலாம். பரிசோதனை அவசியம்.

தூக்கம்: இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒருக்களித்துப் படுங்கள், இடப்பக்கம் இன்னும் நல்லது. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்கப் போகவேண்டாம். பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, பிள்ளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். தூக்கத்தில் தானாக மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம்; விழித்ததும் திரும்பிப் படுத்தால் சரி.

அரிப்பு: வயிற்றுத் தோல் விரிவதால் அரிக்கும். தேங்காயெண்ணெய் தடவுங்கள், பருத்திப் புடவையோ நைட்டியோ உடுத்துங்கள். ஆனால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், தடிப்பு எதுவும் இல்லாமல், ராத்திரியில் தாங்கமுடியாமல் அரித்தால் வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டு உட்காராதீர்கள். கல்லீரலில் பித்தநீர் தேங்குவதால் வரும் அரிப்பாக இருக்கலாம்; பிள்ளைக்கு ஆபத்து. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சூட்டு வலி: வயிறு கல் மாதிரி இறுகித் தளரும். படுத்தாலோ நடந்தாலோ தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிட்டால் அது பொய் வலி. நேரம் பார்த்து எழுதுங்கள். இடைவெளி குறைந்துகொண்டே, வலி கூடிக்கொண்டே போனால் அது நிஜம். 37 வாரத்துக்கு முன் அப்படி வந்தால் சீரகக் கஷாயம் போட்டுப் பார்க்க நேரமில்லை.

கால் வீக்கம்: இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான். சாயங்காலம் பாதம் வீங்கி, மெட்டி இறுகி, காலையில் வடிந்துவிட்டால் அது சகஜம். காலைத் தொங்கவிடாமல் ஸ்டூலில் வையுங்கள். உப்பை அறவே நிறுத்தவேண்டியதில்லை. அப்பளம், ஊறுகாயைக் குறைத்தால் போதும். ‘தண்ணி குடிச்சா நீர் கோத்துக்கும்’ என்று தண்ணீரை நிறுத்துவது தப்பு.

ஆனால் காலையில் எழும்போதே முகம் உப்பியிருக்கிறது, மோதிரம் கழற்ற வரவில்லை, திடீரென எடை கூடுகிறது, தலைவலி விடவில்லை, கண்முன் பூச்சி பறக்கிறது, மேல்வயிறு வலிக்கிறது — இதில் ஒன்று இருந்தாலும் உடனே பிரஷர் பாருங்கள். 20 வாரத்துக்குப் பிறகு 140க்கு 90 அல்லது அதற்கு மேல் போனால் அது கர்ப்பகால ரத்தக்கொதிப்பு. அதோடு சிறுநீரில் புரதம் போவது, கல்லீரல், சிறுநீரகம், மூளை பாதிப்பது என்று சேர்ந்தால் வலிப்பு வரை போகும். பல பேருக்கு ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தெரியாது. பிரஷர் கருவிக்கு மட்டும்தான் தெரியும். ‘நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு செக்கப்?’ என்று ஒரு தடவையைத் தள்ளிப்போடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

தாய்வீட்டுக்குப் போகும்போது...

நம் வழக்கப்படி ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. கை நிறைய வளையலோடு பெண் தாய்வீட்டுக்குக் கிளம்புவாள். சீர்த்தட்டு, பலகாரம், புடவை எல்லாம் மறக்காமல் போகும். ஃபைல் மட்டும் பாலக்கரை வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும்! பிரஷர் ஏற ஆரம்பிக்கும் அதே மாதங்களில்தான் டாக்டரும் மாறுகிறார். புது டாக்டருக்குப் பழைய பிரஷர் என்ன, ரத்த அளவு என்ன என்று தெரியாவிட்டால், இப்போது கூடியிருக்கிறதா என்று எப்படிச் சொல்லுவார்?

ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள், கர்ப்பப் பதிவு எண் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுச் சீர்த்தட்டுக்கு முன்னால் எடுத்து வையுங்கள். போன வாரத்திலேயே அந்த ஊர் டாக்டரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு இலவசச் சிறப்புப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016லிருந்து இருக்கிறது. காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

சமையலறைக் கதவில் ஒட்டிவைக்க...

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை:

1. எந்த மாதமானாலும் ரத்தப்போக்கு.
2. பனிக்குட நீர் கசிவு.
3. விடாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம்.
4. பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது. ‘நாளைக்குப் பார்ப்போம்’ கிடையாது, அன்றைக்கே.
5. காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். (நிறமும் நாற்றமும் இல்லாமல் லேசாகப் படுவது சகஜம்.)
6. விடாத வாந்தி, விடாத வயிற்று வலி, உட்கார்ந்திருந்தாலே மூச்சுத் திணறல்.

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ். சந்தேகம் கேட்க 104. திருச்சியில் இருப்பவர்களுக்குப் புத்தூர் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, யார் கூட வருவது என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அனுபவம் பெரிது. மருமகள் “என்னமோ மாதிரி இருக்கு அத்தை” என்று சொல்லும்போது, “அப்படித்தான் இருக்கும்” என்று முடித்துவிடாமல், “எங்கே, எப்போலேர்ந்து, கூட வேற என்ன இருக்கு?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பல வீடுகளில் அந்த ஒரு கேள்விதான் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றும்.